பன்னிரண்டாவது ஆள்

அக்டோபர் 28, திங்கள்

பதினோராவது ஆளும் விழவில்லை.

வள்ளியூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண். காலை பிரேயரில் மூன்று முறை மயங்கி விழுந்தவள். கட்டிலோடு பெல்ட் போட்டுக் கட்டி, எழுபது டிகிரிக்கு நிமிர்த்தி, நாற்பது நிமிடம் நிற்க வைத்தேன். பாதியில் நாக்குக்கு அடியில் மருந்தும் அடித்தேன். தலை வலிக்கிறது என்றாள், அவ்வளவுதான். பிரஷர் அசையவில்லை. ஜம்மென்று இறங்கி, அம்மாவிடம் பிரியாணி கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

இந்தச் சாய்வுக் கட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அடிக்கடி மயங்குகிறவர்களைப் படுக்க வைத்து, பிறகு கட்டிலோடு நிமிர்த்தி, இதயத்துடிப்பையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சோதனை. பிரஷர் சரிந்து ஆள் மயங்கினால் பாசிட்டிவ். மயங்காவிட்டால் நெகட்டிவ். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் இதற்கென்று பெரிய போர்டே வைத்திருக்கிறார்கள். போர்டு வைத்து என்ன செய்ய, ஒருத்தராவது விழ வேண்டுமே.

கேன்டீனில் எல்லார் முன்னாலும் மேனேஜர் கேட்டார்: "என்ன ஆசீர், கட்டிலு வேல செய்யுதா? இல்ல, மத்தியானம் தூங்கறதுக்கு ஆட்டோ ஸ்டாண்டுல போட்ருவமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதினெட்டு வருஷமாக டெக்னீஷியன். நான் எடுத்த சோதனையை இன்னொருவன் திரும்ப எடுத்ததாக வரலாறு கிடையாது. என்னைப் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டாம்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. என் மனைவி பியூலா வாளியோடு நின்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. மோட்டார்க்காரன் தீபாவளி முடிந்துதான் வருவானாம்.

நவம்பர் 6, புதன்

விழுந்துவிட்டார்! பன்னிரண்டாவது ஆள், கடைசியில் விழுந்தேவிட்டார்.

பெயர் பேச்சிமுத்து, வயது நாற்பத்தாறு. என் மகள் ஜெமிமா படிக்கும் பள்ளியில் பதினாலு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். ஜெமிமாவை நான் ஸ்கூட்டரில் விடுவதால் எனக்கு இவரைத் தெரியாது. போன மாதம் பள்ளி ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் நடந்திருக்கிறது. ஊசி குத்தியதும் மனிதர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் பார்த்து வீட்டில் சொல்ல, பெற்றோர் பள்ளியில் போய்க் கேட்க, பஸ் ஓட்டலாம் என்று ஆஸ்பத்திரிப் பேப்பர் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் இதய டாக்டர் ஜெய்லானி அவரைப் பார்த்துவிட்டுக் கட்டில் சோதனைக்கு எழுதினார்.

பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் மாலை, சவரம் செய்யாத முகம். மாலையைக் கழற்ற வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்டுப் படிவத்தை நிரப்பி, பெல்ட் போட்டுக் கட்டிலை நிமிர்த்தினேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. மருந்து அடித்தேன். இருபத்தாறாவது நிமிடம் ஒரு கொட்டாவி விட்டார். "சார், கண்ணு மங்கிட்டு வருது" என்றார். நூற்று இருபத்தெட்டில் இருந்த பிரஷர் அறுபதுக்குக் கீழே போனது. துடிப்பும் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. தலை தொங்கிவிட்டது. கட்டிலைப் படுக்கைக்கு இறக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். கிராஃப் அப்படியே பாடப் புத்தகத்தில் இருப்பது போல வந்திருக்கிறது.

டிரிப் போட்டு ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். சாயங்காலம் சிஸ்டர் இட்லி கொண்டுபோனால் சாப்பிட மாட்டேன் என்கிறாராம். நான் போய் அதட்டினேன். "சாமி ஒண்ணும் சொல்லாது, சாப்பிடுங்க." இரண்டு இட்லி சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மயக்கம் தெளிந்தவர்களுக்குச் சில சமயம் அப்படி வரும்.

மேனேஜர் என் தோளைத் தட்டி, "கட்டிலு கட்டிலுதாம்யா" என்றார். கேன்டீனில் எங்கள் பிரிவு முழுவதற்கும் என் செலவில் பஜ்ஜியும் டீயும்.

நவம்பர் 7, வியாழன்

மத்தியானம் பேச்சிமுத்துவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சூரசம்ஹாரம் என்பதால் திருச்செந்தூர் போகிற பஸ்ஸிலெல்லாம் படிக்கட்டு வரை பச்சை வேட்டி. அவர் ரோட்டோரம் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய் மேலப்பாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினார்.

மோட்டார் சரியாகிவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

ஜெமிமா சொன்னாள், பேச்சிமுத்து மாமா இப்போது பஸ் ஓட்டுவதில்லையாம். கேட்டில் நிற்கிறாராம், மத்தியானம் செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம்.

"அவருக்கு பஸ்ல வார எல்லாப் பிள்ளைங்க பேரும் தெரியும்ப்பா. புது டிரைவருக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டு பேர ஸ்டாப்புலயே விட்டுட்டு வந்துட்டாரு."

"எல்லாம் நல்லதுக்குத்தான். ஓட்டிட்டிருக்கும்போது மயங்கினா என்ன ஆகும்?" என்றேன்.

அவள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள். நான் சொன்னது சரிதான். எந்தத் தகப்பனும் இதைத்தான் சொல்வான்.

நவம்பர் 15, வெள்ளி

பேச்சிமுத்து வந்தார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். டாக்டரைப் பார்க்க என்று நினைத்தேன். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

"சார், ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "நீங்க மட்டும் கண்டுபிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? நெனச்சாலே கொல நடுங்குது. நாப்பது பிள்ளைய, சார். பதினாலு வருசமா எமன மடியில வச்சிக்கிட்டுல்லா ஓட்டிருக்கேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மேலப்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மொபெட்டைத் தொடுவதில்லையாம். சிலிண்டர் தூக்குவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை.

"டவுன் பஸ்ல வரலாம்லா?" என்று கேட்டேன்.

"பஸ்சுல நின்னுக்கிட்டு வரணும். விழுந்துட்டா நாலு பேருக்குத் தொந்தரவு."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "இந்த வருசம்தான் சார் சூரசம்காரம் பாக்கல. இருவத்தொரு வருசமா போறவன். எங்கயோ ஒரு தப்பு நடந்திருக்கு." எனக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது யாரும் காத்திருக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

சர்ச்சில் பியூலாவுக்கு கேரல் பிராக்டிஸ் ஆரம்பமாகிவிட்டது. நாட்டுப்பழம் கறுத்துப் போயிற்று. எனக்கு இனிப்பு ஆகாது என்று பியூலாவிடம் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டாள்.

நவம்பர் 20, புதன்

இன்று அவருடைய மனைவி வந்தாள். பெயர் முப்பிடாதி. பீடி சுற்றுகிறவள், விரலெல்லாம் காப்பு காய்த்திருக்கிறது. புருஷனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாளாம்.

"சார், இதுக்கு ஒரு மாத்திர இருந்தா குடுங்க. பாக்கச் சகிக்கல."

டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அவள் நகரவில்லை.

"அவிய குளிக்கப் போனா கதவத் தாப்பாப் போட மாட்டேங்காவ. நா வெளிய நின்னுக்கிட்டு ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க 'ஏங்க, இருக்கியளா'ன்னு கேக்கணும். அவிய உள்ள இருந்து சத்தம் குடுக்கணும். வீட்டுல சமஞ்ச பிள்ள இருக்கு சார். அதுக்கு முன்னால ஒரு ஆம்பளைக்கு இது எம்புட்டு வெக்கம். நேத்து குளிக்கவே இல்ல. கேட்டா, வேண்டாம் பிள்ள, ஒனக்கும் தொந்தரவு எனக்கும் தொந்தரவுங்காவ."

நான் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

"ஊசின்னா அவியளுக்குச் சின்னதுல இருந்தே பயம். மத்தபடி ஒரு நா ஒரு பொழுது மயங்குன ஆளு கெடயாது. அன்னைக்கு விரதத்துல இருந்தாவள்லா? அதுனால இருக்குமோ சார்?"

நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காததை அவள் கேட்டாள்.

"அதெல்லாம் டாக்டர்தான்மா சொல்லணும்" என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

இன்று எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலேயே பொய் எழுதியிருக்கிறேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்.

ஆறாம் தேதி 'கேட்க வேண்டியதைக் கேட்டு' என்று எழுதினேன். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். பெல்ட்டை இறுக்கும்போது சொன்னார்.

"சார், சஷ்டி விரதம். இன்னையோட அஞ்சு நாளு. ராத்திரிக்கு ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும்தான். தண்ணியும் கொஞ்சந்தான் குடிக்கது. பரவால்லையா?"

ஐந்து நாள் பட்டினி கிடந்து வற்றிப்போன உடம்பை எழுபது டிகிரியில் நிற்க வைத்து, ரத்தக்குழாயை விரிக்கிற மருந்தையும் கொடுத்தால் யாராக இருந்தாலும் விழ வாய்ப்பிருக்கிறது. நானே விழுவேன். மேனேஜரை நிறுத்தியிருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே விழுந்திருப்பார். 'விரதம் முடித்து, நன்றாகச் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிக் கொடுக்கிறேன்.

"பரவால்ல, எப்படியும் வெறும் வயித்துலதான் வரச் சொல்லுவோம்" என்றேன். நாலு மணி நேர வெறும் வயிறும் ஐந்து நாள் பட்டினியும் ஒன்று என்பது போலச் சொன்னேன். படிவத்தில் கடைசி உணவு என்ற இடத்தில், 'முந்தைய இரவு 8 மணி, வழக்கமான உணவு' என்று எழுதினேன். 'வழக்கமான' என்ற சொல்லை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

மறதியில் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறதி இல்லை. பச்சை வேட்டியைப் பார்த்ததுமே இந்த ஆள் விழுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. விழுவார் என்பதால்தான் ஏற்றினேன். அவர் தலை தொங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

நவம்பர் 22, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். லீவு.

நவம்பர் 23, சனி

டாக்டர் வந்தார். ஓ.பி.யில் கூட்டம் அதிகம். சொல்லவில்லை.

நவம்பர் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஜெமிமாவைப் பள்ளியில் இறக்கிவிடும்போது பேச்சிமுத்து கேட்டில் நின்று எனக்கு வணக்கம் சொன்னார். ஒரு கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையைத் தூக்கினார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

டாக்டர் ஜெய்லானிக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. படிவத்தை எடுத்துவரச் சொல்லி, நான் எழுதிய வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

"நீங்க எழுதினா அதுல நான் கேள்வியே கேக்கறது இல்ல, ஆசீர்."

"தெரியும் சார்."

"மேனேஜர் கிண்டல் பண்ணாருங்கறதுக்காகவா இத செஞ்சீங்க?"

தலையை ஆட்டினேன். நாற்பத்து மூன்று வயதில், ஒரு சின்னப் பையன் மாதிரி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தப்பும் இருக்கு. ஊசி குத்தும்போது விழுந்தாரு, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்னு அவர் எங்கிட்டயும் சொன்னாரு. அது ஊசிப் பயத்துல வர்ற மயக்கம், அதுலயே விஷயம் முடிஞ்சுபோச்சு. உக்காந்து வண்டி ஓட்டும்போது ஒரு நாளும் ஒண்ணும் வந்தது இல்ல. ஸ்கூல்ல பேப்பர் கேட்டாங்கன்னு கட்டில்ல ஏத்தச் சொன்னேன். விழுந்தாருன்னு நீங்க கூப்பிட்டப்ப வந்தேன்ல? எனக்கும் பச்ச வேட்டி கண்ணுல பட்டுது. நான் படிவத்தப் பாத்தேன், வேட்டியப் பாக்கல."

"அப்ப கட்டில் சொல்றது பொய்யா சார்?"

"பொய்னு சொல்ல முடியாது. ஒரு நாளும் மயங்காத நூறு பேர இதே மாதிரி நிக்க வெச்சு மருந்து அடிங்க, பத்துப் பதினஞ்சு பேராவது விழுவாங்க. நெசமாவே மயங்கற வியாதி உள்ளவங்கள நிறுத்துங்க, மூணுல ஒருத்தர் விழ மாட்டாங்க. ஒரே ஆள் இன்னைக்கு விழுவாரு, அடுத்த வாரம் விழ மாட்டாரு. அந்த வள்ளியூர்ப் பொண்ணுக்கு நெகட்டிவ்னு கொடுத்தோம்ல? அவ நடிக்கறான்னு காலேஜ்ல சொல்றாங்களாம். அவங்க அம்மா போன் பண்ணாங்க."

இது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியது எல்லாம் பிரியாணி.

பேச்சிமுத்துவைத் திரும்ப வரச் சொல்வது என்று முடிவானது. இந்த முறை வயிறார நாலு நாள் சாப்பிட்டு. "அவர்ட்ட நடந்ததச் சொல்ல வேண்டியது நீங்க" என்றார் டாக்டர்.

நவம்பர் 29, வெள்ளி

வந்தார். வழக்கமாக இரண்டாம் முறை பார்ப்பது உண்டு என்று போனில் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

பயத்தில் அவர் கை சில்லிட்டிருந்தது. முப்பிடாதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலை நிமிர்த்தினேன். இருபது நிமிடம் போனது. மருந்து அடித்தேன். அந்த அறையில் பேசக் கூடாது, அதனால் நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். இருபத்தாறு தாண்டியது. முப்பது. நாற்பது. பிரஷர் நூற்றுப் பதினாறு. ஒரு மனிதர் விழக் கூடாது என்று இந்த அறையில் நான் ஜெபித்தது இதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, தைரியமா வண்டி ஓட்டலாம்" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார்.

பேச்சிமுத்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அன்னைக்கு விழுந்தேன், இன்னைக்கு விழல. ரெண்டும் இதே கட்டிலு, இதே மருந்து. இதுல எத சார் நம்ப?"

அப்போதுதான் சொன்னேன். பதினோரு பேர் விழாமல் போனது, மேனேஜர் கிண்டல், படிவத்தில் நான் எழுதியது, எல்லாம். பஜ்ஜியை மட்டும் விட்டுவிட்டேன். அதைச் சொல்ல முடியவில்லை.

அவர் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விரதம்னு நா சொன்னேம்லா சார்?"

"சொன்னீங்க."

"சொன்னேன்." தனக்குத்தானே ஒரு முறை தலையாட்டிக்கொண்டார். "எங்க அக்கா கேட்டா, விரதத்துல என்னல கொற வச்ச, முருகன் கீழ தள்ளிட்டானேன்னு. நானும் முத நாள்ல இருந்து ஒவ்வொரு நாளா யோசிச்சுப் பாத்தேன். குளிச்சனா, கும்பிட்டனா, வாய் தவறி என்னத்தையும் தின்னனா, யாரையாவது ஏசுனனான்னு. இருவது நாளா இதே யோசன. பெறவு அந்த ரெண்டு இட்லிதான்னு முடிவு பண்ணேன்."

அந்த இட்லியை ஊட்டாத குறையாக ஊட்டியவன் நான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டே என் பெயரைக் கேட்டார். இத்தனை நாளும் அவருக்கு என் பெயர் தெரியாது. சொன்னேன். "ஆசீர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பொத்தான்களைப் போட்டு முடித்துவிட்டு, வேறு எதுவும் பேசாமல் போனார்.

நவம்பர் 30, சனி

மேனேஜர் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பியூலாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

டாக்டர் கொடுத்த கடிதத்தோடு, சோதனையில் நடந்த தவறு என்னுடையது என்று நானும் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிரின்சிபால் அம்மா இரண்டையும் இரண்டு தடவை படித்தார். "ஜெமிமா அப்பாவா, அவர கேட்டுல நிறுத்தினப்பவே நீங்க எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பேச்சிமுத்து வியாழக்கிழமையிலிருந்து பஸ் எடுக்கலாம் என்றார்.

கேட்டில் போய் அவரிடம் சொன்னேன். ஹோஸைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நா எடுக்கல சார்."

"டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு, பேச்சிமுத்து."

"அன்னைக்கும் எழுதித்தான குடுத்திய."

நான் குனிந்து ஹோஸை எடுத்துச் செடிப் பக்கம் திருப்பினேன்.

"கோவத்துல சொல்லல சார். ராத்திரி படுத்தா கண்ணு மங்குத மாதிரியே இருக்கு. நெசமா மங்குதா, மங்கும்னு நெனைக்கதுனால மங்குதான்னு எனக்குத் தெரியல. முன்னால எல்லாம் ஒடம்புன்னு ஒண்ணு இருக்கதே தெரியாது. ஏறி உக்காந்தா வண்டிதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆறாங்கிளாஸ் ஜெமிமா ஒங்க பிள்ளதான?" என்றார்.

"ஆமா."

"ஸ்கூட்டர்லதான கூட்டிட்டு வாரிய. ஒங்க தெரு மொனையிலயும் நம்ம வண்டி நிக்கும். என் வண்டில ஏத்தி விடுவியளா?"

விடுவேன் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம் தாமதித்துத்தான் சொன்னேன். அந்த ஒரு மூச்சை அவர் பார்த்துவிட்டார். "சரி, வியாழக்கெழம எடுக்கேன்" என்றார்.

டிசம்பர் 3, செவ்வாய்

பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பழத்த அவரா கொண்டாந்தாரு?"

"ஆமா."

"எங்கிட்ட இனிப்பு ஆகாதுன்னிய."

அவள் திட்டினாள். நன்றாகவே திட்டினாள், எழுதக் கூடிய மாதிரி இல்லை. கடைசியில், "பிள்ளைய பஸ்ல அனுப்பணும்னா அனுப்புவோம். டாக்டர நீங்க நம்புதியளா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

நம்புகிறேன் என்றேன். அறிவுக்கு அது தெரிகிறது. ஊசிக்குப் பயப்படுகிற ஒரு மனிதர், அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் ஊசி இல்லை. ஆனால் அந்தத் தலை தொங்கியதைப் பார்த்த கண்ணும் என்னுடையதுதானே. நான் வைத்த பயம் எனக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது.

ஜெமிமாவுக்கு ஒரே குஷி. ஜன்னலோர சீட்டு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

டிசம்பர் 5, வியாழன்

காலை ஏழு நாற்பதுக்குத் தெருமுனையில் நின்றோம். தூறல். பஸ் வந்தது. பேச்சிமுத்து சவரம் செய்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏறு ஜெமிமா, ரெண்டாவது சீட்டுல ஜன்னல் காலியா இருக்கு" என்றார். அவள் ஏறினாள். கதவு மூடியது.

நான் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அதற்குத்தானே அவளை ஏற்றிவிட்டது. பஸ் கிளம்பியதும் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து பின்னாலேயே போனேன்.

மழைக்கோட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரியும்போது கதவு திறக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன், அவர் பார்த்துவிடக் கூடாதே என்று. கேட் திறந்தது. மெதுவாக, ஒரு குழியைக்கூட இடிக்காமல் ஓட்டிக்கொண்டு போனார். அப்படி ஓட்டுகிறவரைப் பின்னால் நின்று வேவு பார்க்கிறோமே என்று கூசியது. ஆனாலும் நான் திரும்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்துக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தினேன். பிள்ளைகள் இறங்கினார்கள். ஜெமிமா திரும்பிப் பார்க்காமல் சிநேகிதிகளோடு உள்ளே ஓடினாள். அப்பாடா என்று வண்டியைத் திருப்பும்போது, பேச்சிமுத்து இறங்கி, ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

"பின்னாலயே வந்தியளா சார்?"

இந்தப் பக்கம் ஒரு வேலை என்று சொல்லத்தான் வாய் வந்தது. "ஆமா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க."

"கண்ணாடில பாத்தேன். தெரு மொனையிலயே பாத்துட்டேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். வியர்வையா மழையா தெரியவில்லை. "பெறவு ரயில்வே கேட்டுகிட்ட ஒங்களக் காணல. ஓரங்கட்டிருவோமான்னு பாத்தேன். லாரிக்குப் பின்னால ஒங்க தல தெரிஞ்ச பெறவுதான் கியரே போட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். பதினாலு வருஷம் பின்னால் யாரும் வராமல் ஓட்டிய மனிதர்.

"சாயங்காலம் நாலரைக்கு வண்டி கெளம்பும்" என்றார். "வருவியளா?"

நாலரைக்கு எனக்கு ஒரு கட்டில் சோதனை இருந்தது. வருகிறேன் என்றேன்.